மனிதநேயக் கல்வி அணுகுமுறை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆசிரியர் பயிற்சிகளிலும் ஓய்வறைப் பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் நடையிலேயே இருக்கின்றன. எளியவை முதலில் வரும், சிக்கலானவை பின்னால். ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. மனிதநேயக் கல்வின்னா பிள்ளைங்களை அடிக்காம, திட்டாம இருக்கிறதுதானே?

அடிக்காமல் இருப்பதற்கு ஒரு கோட்பாடு தேவையில்லை. அது குறைந்தபட்ச மரியாதை. இந்த அணுகுமுறையின் அடித்தளம் வேறு. கற்கும் விருப்பம் பிள்ளைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதை வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை, அணைந்துபோகாமல் பார்த்துக்கொண்டால் வளரும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் தொடங்குகிறது. அதனால் பாடத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தப் பாடம் இவளுக்கு எதற்கு, இன்றைக்கு இவள் எந்த மனநிலையில் உட்கார்ந்திருக்கிறாள், தப்பாக ஒரு விடை சொன்னால் இந்த அறையில் இவளுக்கு என்ன நேரும் என்பதெல்லாம் பாடத்தோடு சேர்ந்த விஷயங்களே.

சிரித்த முகத்தோடு வந்து, யாரையும் கடிந்துகொள்ளாமல், பீரியட் முழுக்கத் தானே பேசிவிட்டுப் போகிற ஆசிரியர் இந்தக் கணக்கில் வரமாட்டார். முகம் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும், தப்பான விடையைக் கேட்டதும் “இது உனக்கு எப்படி வந்தது, சொல்லு பார்ப்போம்” என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் வருவார்.

2. இதை யார் ஆரம்பிச்சாங்க? எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் மாஸ்லோ, ரோஜர்ஸ்னு ரெண்டே பேர்தான் வர்றாங்க.

ஆபிரகாம் மாஸ்லோ (1908–1970), கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) இருவருமே அமெரிக்க உளவியலாளர்கள். அந்தக் காலத்தில் உளவியலில் இரண்டு பெரிய முகாம்கள் இருந்தன. மனிதனைப் பரிசும் தண்டனையும் வடிவமைக்கின்றன என்றது நடத்தைக் கோட்பாடு. அடிமனத்தின் மோதல்கள் இழுத்துச் செல்கின்றன என்றது உளப்பகுப்பாய்வு. மனிதன் தானே தேர்ந்தெடுக்கக்கூடியவன், வளர விரும்புகிறவன் என்று இவை இரண்டுக்கும் வெளியே நின்று பேசியவர்களைத்தான் மனிதநேய உளவியலாளர்கள் என்கிறோம்.

ரோஜர்ஸ் முதலில் உளவியல் ஆலோசகர். ஆலோசனை அறையில் ஒருவரை மாற்றுவது எது என்று பார்த்தவர், அதே மூன்று பண்புகள் வகுப்பறைக்கும் பொருந்தும் என்று 1969இல் வந்த தன் கல்வி நூலில் விரித்து எழுதினார். ஆசிரியர் தான் எப்படியோ அப்படியே இருப்பது உண்மைத்தன்மை. மாணவரை மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடாமல் மதிப்பது நிபந்தனையற்ற ஏற்பு. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது ஒத்துணர்வு. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

3. அந்தப் பிரமிடு படத்தைப் பரீட்சைக்கு வரைஞ்சாச்சு. வகுப்புல அது எதுக்கு உதவும்?

முதலில் ஒரு திருத்தம்: அந்தப் பிரமிடை மாஸ்லோ வரையவில்லை. 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் தேவைகளின் வரிசை (உடல் தேவைகள், பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னை முழுமையாக்கிக்கொள்வது) உண்டு, படம் கிடையாது. கீழ்ப்படி முழுதாக நிறைவேறிய பிறகுதான் மேல்படி என்ற கறாரும் அவருடையதல்ல. ஒரு தேவை நூறு சதவீதம் தீர்ந்தால்தான் அடுத்தது எழும் என்று நினைப்பது தவறு என அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். வீட்டில் கஷ்டம் இருக்கும் பிள்ளைக்குக் கவிதையெல்லாம் எதற்கு என்று பிரமிடைக் காட்டிச் சொல்பவர்கள் அவரைப் படிக்காதவர்கள்.

வகுப்பில் அதைக் காரணம் தேடும் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை திடீரென்று கவனம் இழந்தால் ‘சோம்பேறி’ என்று எழுதுவதற்கு முன் கீழிருந்து மேலே பாருங்கள். தூங்கினானா, சாப்பிட்டானா? யாரையாவது பார்த்துப் பயப்படுகிறானா? பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறதா? சமீபத்தில் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டானா? அநேகமாக இவற்றில் ஒன்றில் விடை கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால், அவமானப்படுத்தியது நாமாகவும் இருக்கலாம்.

4. சரி, பேச்செல்லாம் நல்லாதான் இருக்கு. ஒரு பீரியட்ல நான் என்ன மாத்தணும்?

மூன்று இடங்களில் மாற்றம் தெரிய வேண்டும். முதலாவது, கேள்வி கேட்டபின் வரும் மௌனம். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாகப் பேசாதவர்களும் வாய் திறந்தார்கள். மாணவர் சொல்லி முடித்த பிறகும் இன்னொரு 3 நொடி விட வேண்டும்; பலர் மறப்பது இதைத்தான். மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். மூன்று நொடி நினைப்பதைவிட நீளம். முதல் வாரம் கையும் காலும் ஓடாது.

இரண்டாவது, தப்பான விடைக்கு நாம் காட்டும் எதிர்வினை. 1/2 + 1/3 எவ்வளவு என்றால் ஒரு மாணவி 2/5 என்கிறாள். “தப்பு, அடுத்தவர்” என்று நகர்ந்தால் அவளுக்குக் கிடைத்தது வெட்கம் மட்டும். “எப்படி வந்தது?” என்றால், “மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் மூணும் அஞ்சு” என்பாள். அவளுக்கென்று ஒரு முறை இருக்கிறது. குழப்பம் எங்கே என்பது இப்போது நமக்குத் தெரிகிறது. “2/5 பாதியைவிடப் பெரிசா, சின்னதா?” “சின்னது.” “பாதியோட இன்னொண்ணைச் சேர்த்தோம். எப்படிச் சின்னதாச்சு?” இங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தில் அவளே விடையைச் சந்தேகிக்கிறாள். ஒத்துணர்வு என்று ரோஜர்ஸ் சொன்னதைக் கணக்கு வகுப்பில் இப்படித்தான் பார்க்க முடியும். தலையைத் தடவுவதும் “பரவாயில்லம்மா” என்பதும் அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, கடைசி ஐந்து நிமிடம். ஒரு துண்டுத் தாளில் இரண்டு வரி: இன்று தெளிவானது எது, இன்னும் இடிப்பது எது. பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். மறுநாள் வகுப்பை அந்தத் தாள்களில் இருந்து ஒன்றை எடுத்துத் தொடங்க வேண்டும். வாங்கி வைத்துவிட்டு எதுவும் செய்யாவிட்டால் இரண்டே வாரத்தில் எல்லாத் தாளிலும் ‘எல்லாம் புரிந்தது’ என்றே வரும்.

5. சுதந்திரம் கொடுக்கணும்னா ‘எது வேணுமோ படி’ன்னு விட்டுடலாமா?

விட்டால் அநேகமாகக் கெடும். இதுவரை எதையும் தேர்ந்தெடுக்க விடாத பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்தால் அவள் திகைத்து நிற்பாள், அல்லது உங்கள் முகத்தைப் பார்த்து உங்களுக்குப் பிடித்ததைச் சொல்வாள். சிறியதில் தொடங்குங்கள். முதலில் வரிசையை விடலாம்: பத்துக் கணக்கில் எதை முதலில் செய்வது என்பது அவர்கள் பாடு. பழகியபின் அளவு: எந்த ஆறைச் செய்தாலும் சரி, ஆனால் கடைசி மூன்றில் ஒன்று கட்டாயம். அதன்பின் வடிவம்: கற்றதைக் கட்டுரையாகவோ, வரைபடமாகவோ, வாய்மொழியாகவோ காட்டலாம். தலைப்பையே தேர்ந்தெடுப்பது கடைசிப் படி. ஒரு நேரத்தில் மூன்று வாய்ப்புக்கு மேல் வேண்டாம். எதைத் தேர்ந்தாலும் அடைய வேண்டிய கற்றல் இலக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும்.

இதில் பெரிய ஆபத்து போலித் தேர்வு. “உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு அவர்கள் எடுத்தது பிடிக்கவில்லை என்றதும் மாற்றச் சொல்வது. அதைவிட “இன்னைக்கு இது கட்டாயம், காரணம் இது” என்று நேராகச் சொல்வது ஆயிரம் மடங்கு மேல். பிள்ளைகள் கட்டாயத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், ஏமாற்றை மறக்கமாட்டார்கள். எப்போதும் சுலபமானதையே எடுக்கிறார்கள் என்ற புகாரும் வரும். எடுப்பவர் ஓரிருவர் என்றால் அவர்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு. வகுப்பே எடுத்தால் கடினமானது அளவுக்கு மீறிக் கடினம், அல்லது தோற்றால் மார்க் போகும் என்ற பயம் (8ஆம் கேள்வி).

6. இப்படி விட்டா கிளாஸ் சந்தைக்கடை ஆயிடாதா? சத்தம் போட்டா என்ன செய்யறது?

எல்லை இல்லாத வகுப்பு மனிதநேய வகுப்பு ஆகாது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அது கொடுமை; குரல் பெரியவர்களின் ராஜ்யம் ஆகிவிடும். எல்லையை யார் எப்படி வைக்கிறார், மீறினால் என்ன பேசுகிறார் என்பதில்தான் வித்தியாசம்.

ரோஜர்ஸின் மாணவரான தாமஸ் கார்டன் கற்றுத்தந்த ‘நான்’ வாக்கியம் இதற்கு நல்ல கருவி. அதில் மூன்று உறுப்புகள்: நடந்தது என்ன, அதனால் எனக்கு விளைந்தது என்ன, எனக்கு எப்படி இருக்கிறது. “நான் விளக்கும்போது பின்னால் பேச்சு நடந்தால் சொல்லிக்கொண்டிருந்தது விட்டுப்போகிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, அலுப்பாக இருக்கிறது.” இதோடு நிறுத்த வேண்டும். “உங்களுக்கெல்லாம் சொன்னால் புரியாது” என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டால் மொத்தமும் வீண். “நீங்க மரியாதை இல்லாதவங்கன்னு நான் ஃபீல் பண்றேன்” என்பதும் திட்டுதான், வேஷம் மட்டும் வேறு. அதோடு, ஒருவன் இன்னொருவனை அடிக்கும்போது இதைச் சொல்லிக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் கையைத் தடுங்கள், பேச்சு பிறகு.

வாரம் ஒருநாள், அதே நாளில், 20 நிமிட வகுப்புக் கூட்டம் வைக்கலாம். வட்டமாக உட்காருங்கள். பேச வேண்டியதை அவர்கள் வாரம் முழுக்க ஒரு பெட்டியில் எழுதிப் போடட்டும். கூட்டத்தை நடத்துபவர் சுழற்சியில் மாறட்டும். ஒரு கூட்டத்துக்கு ஒரே முடிவு, அதை ஒரு வாரம் பரீட்சித்துப் பார்த்துவிட்டு அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வதா விடுவதா என்று பேசுங்கள். இரண்டு தடைகளை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும்: கூட்டத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேசக்கூடாது, யாருக்கும் தண்டனை விதிக்கக்கூடாது. இவை இல்லாவிட்டால் மூன்றாவது வாரமே கூட்டம் நீதிமன்றம் ஆகிவிடும், ஆசிரியர் கொடுப்பதைவிடக் கொடுமையான தண்டனைகளைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

7. அப்போ நிறையப் பாராட்டணும், ஸ்டார் குடுக்கணும். சரிதானே?

பாராட்டும் ஏற்பும் ஒன்றல்ல. நன்றாகச் செய்தால் கிடைப்பது பாராட்டு, சொதப்பிய நாளிலும் குறையாமல் இருப்பது ஏற்பு. ஸ்டார் விஷயத்தில் மனிதநேயர்கள் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். சிலருக்கு எதுவும் இல்லை. பின்னொரு நாள் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

ஆகவே, பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த வேலைக்கு ‘செய்தால் இது தருவேன்’ பேரம் வேண்டாம். சலிப்பான, பழக்கத்துக்காகச் செய்ய வேண்டிய வேலைக்கு ஸ்டார் கொடுப்பதால் இழக்க ஆர்வம் ஒன்றும் இல்லை. “சூப்பர்” என்பதற்குப் பதில் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: “போன தடவை முடிவை மட்டும் எழுதினாய், இந்தத் தடவை காரணமும் எழுதியிருக்கிறாய்.” இப்படிச் சொல்ல நோட்டை உண்மையாகப் படித்திருக்க வேண்டும். அதனால்தான் இது கஷ்டம்.

8. மார்க் போடாம இருக்க முடியுமா? மேலிடம் கேட்குமே.

மொத்தமாக ஒழிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்காது. எதற்கு, எப்போது காட்டுவது என்பது பல நேரம் உங்கள் கையில்தான். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் மூன்று குழு: ஒன்றுக்கு எழுத்துக் கருத்து மட்டும், ஒன்றுக்கு மதிப்பெண் மட்டும், ஒன்றுக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் ஆர்வத்திலும் செயல்திறனிலும் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தார்கள். எண்ணைப் பார்த்த கண் கருத்தைப் படிக்கவில்லை என்றே இதைப் புரிந்துகொள்ளலாம். விடிய விடியச் சிவப்பு மையில் எழுதும் ஆசிரியர்கள் இதைக் கேட்டால் நொந்துபோவார்கள், ஆனால் மாற்று எளிது.

தாளைத் திருப்பும்போது கருத்தை மட்டும் கொடுங்கள். மதிப்பெண் உங்கள் பதிவேட்டில் இருக்கட்டும். கருத்து மூன்று வரி: சரியாக வந்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, திருத்த எடுத்துவைக்க வேண்டிய முதல் அடி ஒன்று. வகுப்பிலேயே 15 நிமிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். தங்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்றும் ஊகித்து எழுதட்டும். இரண்டு நாள் கழித்து எண்ணைக் காட்டுங்கள். ஊகத்துக்கும் எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருப்பவர்களோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், மற்றவர்களுக்குத் தேவைப்படாது. எல்லா வேலைக்கும் இப்படிச் செய்தால் நீங்கள் மாண்டுபோவீர்கள். மாதம் இரண்டு வேலை போதும்.

9. என் வகுப்புல அறுபது பேர். ஒவ்வொருத்தரையும் எப்படித் தனியா கவனிக்கிறது?

ஒரே நாளில் முடியாது, முயலவும் வேண்டாம். பெயர்ப் பட்டியலை எடுத்து ஒரு நாளைக்கு ஐந்து பெயர். அன்று அந்த ஐவரிடம் பாடம் சாராத ஒரு வாக்கியமாவது பேசுவது, பாடம் சார்ந்த ஒன்றைக் கவனித்து ஒரு சொல்லாவது குறித்துவைப்பது. பன்னிரண்டு வேலைநாளில் ஒரு சுற்று முடியும். முதல் சுற்றின் முடிவில் பட்டியலைப் பார்த்தால் சில பெயர்களுக்கு எதிரே எழுத உங்களுக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது. சத்தமும் போடாத, முதல் இடமும் வாங்காத நடுவரிசைப் பிள்ளைகள் அவர்கள். இரண்டாம் சுற்றை அவர்களில் தொடங்குங்கள்.

குழு வேலைக்கு நான்கு பேர் அளவு. ஆறுக்கு மேல் போனால் இரண்டு பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

10. கல்லூரிப் பசங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா? அவங்க பெரியவங்க ஆச்சே.

பெரியவர்கள் என்பதால்தான் இன்னும் பொருந்தும். வயதுவந்தோர் கல்வியில் மால்கம் நோல்ஸ் பரப்பிய கற்றல் ஒப்பந்தம் கல்லூரிக்கு அச்சாகப் பொருந்தும். ஒரே பக்கம், ஐந்து பகுதி: நான் எதைக் கற்கப் போகிறேன், எந்த வழியில், எதை வைத்து, எந்தத் தேதிக்குள், கற்றேன் என்பதற்கு எதைக் காட்டுவேன், அதை யார், எந்த அளவுகோலால் மதிப்பிடுவார். கீழே மாணவரும் ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர் தன் கடமையையும் அதில் எழுத வேண்டும், ‘வரைவு வந்த ஏழு நாளுக்குள் கருத்துத் தருவேன்’ என்பது போல. இல்லாவிட்டால் அது ஒப்பந்தமே இல்லை, கட்டளை.

எடுத்த எடுப்பில் முழுப் பாடத்தையும் இப்படி நடத்தாதீர்கள். அகமதிப்பீட்டில் கால் பங்கை மட்டும் ஒப்பந்தத்துக்கு ஒதுக்குங்கள். முதல் வரைவுகளில் பாதிக்கு மேல் ‘புள்ளியியலை நன்கு புரிந்துகொள்வேன்’ என்றே வரும். அதைத் திருப்பிக் கொடுத்து, “புரிந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். ‘ஒரு தரவுத் தொகுப்பை எடுத்து, பொருத்தமான சோதனையைத் தேர்ந்து, ஏன் அதைத் தேர்ந்தேன் என்று இரண்டு பக்கத்தில் எழுதுவேன்’ என்று வந்தால் கையெழுத்துப் போடலாம். மூன்றாவது வாரம் ஒருமுறை சந்தித்து, தேவையானால் திருத்த அனுமதியுங்கள். திருத்தம் ஒருமுறைதான் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கடைசி வாரம் எல்லா இலக்கும் சுருங்கிப்போய் வந்து நிற்கும்.

11. கணக்கு, லேப் மாதிரி பாடத்துல ‘தானே கண்டுபிடி’ன்னா எப்படி முடியும்?

முடியாது, தேவையும் இல்லை. புதிதாகக் கற்பவரை வழிகாட்டல் இல்லாமல் விடுவது பலன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் ஒரு கட்டுரையில் கடுமையாக வாதிட்டார்கள். புதியவரின் செயல்படு நினைவுக்கு, அதாவது யோசிக்கும்போது விவரங்களை மனத்தில் பிடித்துவைக்கும் நினைவுக்கு, கொள்ளளவு சிறிது. தேடுவதிலேயே அது நிரம்பிவிட்டால் கற்க இடம் இருக்காது. மனிதநேய ஆசிரியர் இந்த விமர்சனத்தை ஏற்கத்தான் வேண்டும். தெளிவாக விளக்குவது மாணவரை அவமதிப்பதாகாது. தெரியாததை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் திணற விடுவதுதான் அவமதிப்பு.

புதிய முறையை மாதிரிக் கணக்கு போட்டே காட்டுங்கள். அடுத்ததில் கடைசி இரண்டு படிகளை வெறுமையாக விடுங்கள், அதற்கடுத்ததில் நான்கு. கை பழகிய பிறகு தேர்வைக் கொடுங்கள். லேபில் பாதுகாப்பு விதிகளில் வாக்கெடுப்பு கிடையாது. கண்ணாடி அணிவதும் அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்றுவதும் பேரத்துக்கு அப்பாற்பட்டவை. எந்தக் கேள்வியைச் சோதிப்பது, எத்தனை முறை அளப்பது என்பவற்றை அவர்களிடம் விடலாம்.

12. இதெல்லாம் வேலை செய்யுதுன்னு ஆதாரம் இருக்கா, இல்ல நல்லெண்ணம் மட்டும்தானா?

இருக்கிறது, ஆனால் அளவாகச் சொல்ல வேண்டும். கொர்னீலியஸ்-வைட் 2007இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். ஆசிரியரின் ஒத்துணர்வு, அரவணைப்பு, வற்புறுத்தாத தன்மை போன்றவற்றுக்கும் மாணவரின் கற்றல், வருகை, நடத்தை ஆகியவற்றுக்கும் உள்ள சராசரி ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.31 அளவில் இருந்தது. கல்வி ஆய்வில் இது கணிசமானது. ஒட்டுறவு என்பதால் எது காரணம், எது விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. நன்றாகப் படிக்கும் வகுப்பில் ஆசிரியர் கனிவாக இருப்பது சுலபம்தானே.

தோற்றவையும் உண்டு. 1960, 70களில் சில நாடுகளில் சுவரில்லாத திறந்த வகுப்பறைகளைக் கட்டினார்கள். சத்தம் தாங்காமல் பல பள்ளிகள் தடுப்புகளைத் திரும்ப வைத்தன. சுவரை எடுத்தார்கள், ஆனால் அந்த இடத்தில் எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி தரவில்லை.

13. சம்மர்ஹில்லில் கிளாசுக்குப் போறதே இஷ்டமாமே. அதை நம்ம பள்ளியில் செஞ்சா என்ன?

ஏ. எஸ். நீல் 1921இல் தொடங்கிய பள்ளி அது. 1927 முதல் இங்கிலாந்தின் சஃபோக்கில் இருக்கிறது. பாடங்களுக்கு வருவது விருப்பம், பள்ளிக் கூட்டத்தில் ஆசிரியருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரே வாக்கு. 1999இல் அரசு ஆய்வாளர்களின் அறிக்கைக்குப் பின் கட்டாயமற்ற பாடம் குறித்து வழக்கு வரை போய், 2000இல் சமரசத்தில் முடிந்தது. பள்ளி தன் முறையைக் காத்துக்கொண்டது.

அங்கே அது நிற்பதற்குக் காரணம் சிறிய எண்ணிக்கையும், அங்கேயே தங்கிப் படிக்கும் வாழ்க்கையும், கூட்டம் போட்டு இயற்றிய ஏராளமான விதிகளும். ஆம், விதிகள் அங்கே நிறையவே உண்டு. ‘இஷ்டம்’ என்ற ஒரு செங்கல்லை மட்டும் உருவி வந்து வேறு கட்டடத்தில் வைத்தால் நிற்காது. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது கூட்டம்தான் (6ஆம் கேள்வி).

14. ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்’னு ஒரு பிள்ளை ஏதோ சொல்ல வருது. ஒத்துணர்வுன்னா ரகசியம் காக்கணும்தானே?

அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். “நீ சொல்றதைக் கவனமாக் கேட்பேன். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட நான் சொல்லத்தான் வேணும்ப்பா. அப்ப யார்கிட்டச் சொல்றேன்னு உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்.” இதைக் கேட்டபின் பேசுவதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. பேசினால் குறுக்கே கேள்வி போடாதீர்கள், விவரம் தோண்டாதீர்கள், “அப்படியெல்லாம் இருக்காது” என்று சமாதானம் சொல்லாதீர்கள். முடிந்ததும் அவள் சொன்ன சொற்களிலேயே, தேதி நேரத்தோடு எழுதி, குழந்தைப் பாதுகாப்புக்கு உங்கள் நிறுவனத்தில் பொறுப்பானவரிடம் அன்றே சேருங்கள்.

ரோஜர்ஸ் ஆலோசகராக இருந்தவர் என்பதால் ஆசிரியரும் ஆலோசகர் ஆகிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நம் வேலை கேட்பதும் சரியான இடத்தில் சேர்ப்பதும். சிகிச்சை வேறொருவர் வேலை.

15. எனக்கே தலைவலி, வீட்டுல பிரச்சினை. அப்பவும் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமா?

நிற்க வேண்டாம். உண்மைத்தன்மை என்று 2ஆம் கேள்வியில் சொன்னது இதைத்தான். பொய்ச் சிரிப்பைப் பிள்ளைகள் நொடியில் கண்டுகொள்வார்கள், தங்கள் மேல்தான் கோபம் போலிருக்கிறது என்று தப்பாகவும் கணக்குப் போடுவார்கள். “இன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்லை, குரல் கொஞ்சம் கடுகடுன்னு வரலாம், உங்களால இல்லை” என்று ஒரு வரி போதும். அதற்குமேல் வீட்டுக் கதையைக் கொட்டுவது உண்மைத்தன்மை ஆகாது. பிள்ளைகளின் தலையில் நம் பாரத்தை ஏற்றுவது.

சில மாணவர்களைப் பிடிக்காமல் போவதும் நடக்கும். ஏற்பு என்றால் எல்லோரையும் நேசிப்பது என்று பொருளில்லை. பிடிக்காதவனின் தாளை யாருடையது என்று பாராமல் திருத்துகிறோமா, அவனுக்கும் அதே 3 நொடி கிடைக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

16. தலைமை ஒத்துழைக்கலை, மத்தவங்க எல்லாம் பழைய மாதிரி. நான் ஒருத்தர் மட்டும் என்ன செய்ய முடியும்?

பெயர் சூட்டாமல் ஆரம்பிக்கலாம். “நான் மனிதநேய முறைக்கு மாறிவிட்டேன்” என்று அறிவித்தால் எதிர்ப்பு மட்டுமே மிஞ்சும். யாருடைய அனுமதியும் தேவைப்படாதவை மேலே நிறைய இருக்கின்றன: காத்திருக்கும் நொடிகள், “எப்படி வந்தது?” என்ற கேள்வி, ஐந்து பெயர்ப் பட்டியல், துண்டுத் தாள். ஒன்றை மட்டும் எடுத்து மூன்று வாரம் செய்யுங்கள். எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்குகிறவர்கள் வியாழனன்று விட்டுவிடுகிறார்கள்.

எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் காத்திருப்பதை எடுங்கள். மாணவர் குரலும் பதிவாகும் என்பதால், பதிவு செய்வதற்கு உங்கள் நிறுவன விதி இடம் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மாணவர்களிடமும் சொல்லிவிட்டு, ஒரு பீரியடின் பத்து நிமிடத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டில் கேட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் பின் எத்தனை நொடி விட்டீர்கள், எத்தனை கேள்விக்கு நீங்களே விடையும் சொல்லிவிட்டீர்கள் என்று எண்ணிக் குறித்துவிட்டு அழித்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து அதே வகுப்பில் இன்னொரு பத்து நிமிடம் பதிவு செய்து, இரண்டு எண்ணிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.